"நான் மனந்திரும்பினது உண்மைதானா?" என்று கேட்கும் பெரியவருக்கு என்ன சொல்வது?

கேள்வி: வாசகமேசை

ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் போதகர் அல்ல. ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவன். நோயாளிகளைப் போய்ப் பார்க்கும் குழுவிலும் இருக்கிறேன். எங்கள் லுத்தரன் சபையில் பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். இருதயம் பலவீனம், கால் வீக்கம், மூச்சுத் திணறல். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள். லூத்தர் கேள்வி பதிலாக எழுதிய சிறு ஞானோபதேசத்தை இன்றைக்கும் ஒரு வரி பிசகாமல் சொல்லக்கூடியவர்.

வாலிபத்தில் இவர் தம்பியின் பங்கைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். தம்பிக்குப் படிப்பு கிடையாது. வரி கட்டுகிற காகிதம் என்று சொல்லிக் கைரேகை வாங்கியிருக்கிறார். தம்பி கடைசிவரை வாடகை வீட்டில் இருந்து, பேச்சுவார்த்தை இல்லாமலே இறந்துபோனார். இதைப் பெரியவர் தானாகவே என்னிடம் சொன்னார்.

லூக்கா 15 வாசித்தேன். தகப்பனை விட்டுப்போய், மனம் திருந்தித் திரும்பி வந்த இளைய குமாரன் கதை முடிந்ததும், "அது எழுந்திரிச்சு வந்த பையனோட கதை தம்பி. நான் எழுந்திரிச்சு வரலியே. படுக்கையில விழுந்த பிறகுதானே அழறேன். இது மனந்திரும்புதலா, சாவு பயமா?" என்றார். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று.

இதற்கிடையில் வேறொரு சகோதரர் வந்து ஜெபித்துவிட்டு, "நெஞ்சு உடைஞ்சு அழணும், உள்ளத்தை இன்னும் ஆராய்ஞ்சு பாருங்க" என்று சொல்லிப் போயிருக்கிறார். அன்றிலிருந்து இவர் கஞ்சிகூடச் சரியாகக் குடிப்பதில்லை. ஆராய்ந்துகொண்டே கிடக்கிறார்.

"கர்த்தர் இரக்கமுள்ளவர், மன்னிப்பார்" என்று நான் சொன்னால் தலையை ஆட்டுகிறார். ஆனால் அது உள்ளே போகவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எங்கள் போதகர் வெளியூர்க் கூட்டங்களுக்குப் போயிருக்கிறார், வருகிற வாரம்தான் வருவார். அதுவரை நான் என்ன சொல்லட்டும்? அபிஷேகம் பெறாத எனக்குச் சொல்ல உரிமை உண்டா?

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

தம்பி,

அவர் கேட்கிற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லப் போகாதீர்கள். "உங்கள் மனந்திரும்புதல் உண்மைதான் ஐயா, கவலைப்படாதீர்கள்" என்று நீங்கள் சான்று கொடுத்தால் அது ராத்திரி வரைக்கும் தாங்கும். நடுச்சாமத்தில் விழிப்பு வரும்போது, "என் உள்ளம் இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று நினைப்பார். அப்படி நினைப்பதும் நியாயம்தான். உங்களுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது. "தன் பிழைகளை உணருகிறவன் யார்?" என்று சங்கீதக்காரனே கேட்கிறான்.

இந்தக் கேள்வியோடு மாரடித்தவர்தான் நம் லூத்தர். 1505-இல் எர்ஃபர்ட் நகரத்து அகஸ்டீனிய மடத்தில் சேர்ந்தவர், மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்வாராம். முடித்து எழுந்ததும் விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வரும். பாவங்களின் பட்டியலை எப்படியாவது முடித்துவிடலாம். ஆனால் தேவனை நேசித்ததால் வருந்துகிறேனா, தண்டனைக்குப் பயந்து வருந்துகிறேனா என்ற கேள்விக்கு முடிவே கிடையாது. அந்த மடங்களுக்கெல்லாம் மேலாளராக இருந்த ஸ்டௌப்பிட்ஸ் அவரிடம், கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்றார். இன்னும் நன்றாக மனந்திரும்பு என்று சொல்லவில்லை, உன் மனந்திரும்புதல் போதும் என்றும் சொல்லவில்லை. லூத்தரின் கண்ணை அவருடைய உள்ளத்திலிருந்தே திருப்பிவிட்டார். நீங்கள் செய்யவேண்டியதும் அதுதான்.

1530-ஆம் வருடத்து ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 12-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். மனந்திரும்புதலுக்கு இரண்டு பாகம் என்று சொல்லியிருக்கிறது. ஒன்று, பாவத்தை உணர்ந்து மனச்சாட்சி திகிலடைவது. இன்னொன்று, கிறிஸ்துவினிமித்தம் என் பாவம் மன்னிக்கப்பட்டது என்று நம்பும் விசுவாசம். அந்தச் சகோதரர் முதல் பாகத்தையே திரும்பத் திரும்பப் பிடித்து உலுக்கிவிட்டுப் போயிருக்கிறார். காயம் எவ்வளவு ஆழம் என்று கிளறிப் பார்த்துவிட்டு மருந்து போடாமல் எழுந்து போன மாதிரி. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பக்தியோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் சாகக் கிடக்கிற மனுஷனுக்கு இது கொடுமை. கஞ்சி இறங்காமல் கிடக்கிறாரே, இதற்குமேல் எந்த நொறுங்குதலைத் தேடுவது? பாவத்தைக் காட்டிக் குற்றப்படுத்தும் நியாயப்பிரமாணம் அவரிடத்தில் தன் வேலையை முடித்துவிட்டது. இனி அவருக்குச் சேரவேண்டியது மன்னிப்பைக் கொடுக்கும் சுவிசேஷம் மட்டும்தான்.

சாவு பயத்தில்தான் திரும்பினார் என்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன? சிலுவையில் தொங்கின கள்ளன் எப்போது திரும்பினான்? பேதுரு தண்ணீரில் அமிழ்ந்துபோகையில் "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கூப்பிட்டது பயத்தில்தான். கர்த்தர் உடனே கையை நீட்டினார். கலப்பில்லாத நோக்கத்தோடு கூப்பிட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை.

அடுத்ததாக, "கர்த்தர் இரக்கமுள்ளவர், மன்னிப்பார்" என்று நீங்கள் சொல்வது ஏன் உள்ளே போகவில்லை? அது சத்தியம்தான். ஆனால் அது தேவனைப் பற்றிய ஒரு தகவலாக நிற்கிறது. அந்த இரக்கம் தனக்கும் உண்டா என்பதுதான் அவருடைய சந்தேகமே. ஆகவே மன்னிப்பைப் பற்றிப் பேசுவதை விட்டு, அதை அவர் கையில் கொடுங்கள். சிறு ஞானோபதேசத்தில் பாவ அறிக்கைப் பகுதியில், அறிக்கை செய்தவனிடம் போதகர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நான் கூறும் மன்னிப்பு தேவனுடைய மன்னிப்பு என்று விசுவாசிக்கிறீரா? கவனித்தீர்களா, உன் வருத்தம் எவ்வளவு ஆழம் என்று அங்கே கேட்கப்படவே இல்லை. இந்த வார்த்தை தேவனுடையது என்று நம்புகிறாயா, அவ்வளவுதான். ஞானோபதேசத்தை ஒரு வரி பிசகாமல் சொல்லக்கூடியவர் என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கேள்வியை அவரிடம் கேளுங்கள், அதற்கு உரிய பதில் அவர் நாவிலேயே இருக்கும்.

உங்களுக்கு உரிமை உண்டா என்று கேட்டீர்கள். முறைப்படி பாவமன்னிப்புக் கூறுவது போதகரின் பொறுப்பு, அந்த ஒழுங்கை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் 1537-இல் லூத்தரின் உடன் ஊழியர் மெலாங்தன் எழுதிய போப்பின் அதிகாரம் பற்றிய பிரசுரம் நம் விசுவாச அறிக்கைகளில் ஒன்று. நெருக்கடியில் சாதாரண விசுவாசியும் மன்னிப்புக் கூறலாம், அப்போது அவனே மற்றவனுக்கு ஊழியனாகிறான் என்று அதில் இருக்கிறது. அகஸ்டீன் சொன்னதாக ஒரு கதையையும் சொல்கிறது. படகில் இரண்டு கிறிஸ்தவர்கள். ஒருவன் மற்றவனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறான். ஞானஸ்நானம் பெற்றவன் உடனே, தனக்கு அதைக் கொடுத்தவனுக்கே பாவமன்னிப்புக் கூறுகிறான். அதற்கு முந்தின வருடக் கடைசியில் லூத்தர் எழுதிய ஷ்மால்கால்டு பிரிவுகள் என்ற விசுவாச அறிக்கையில், சுவிசேஷம் நமக்கு உதவ வரும் வழிகளை அடுக்கிக்கொண்டு போகிறார்: பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, பாவத்தை மன்னிக்கச் சபைக்குக் கொடுக்கப்பட்ட திறவுகோலின் அதிகாரம், கடைசியாகச் சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசி ஆறுதல் சொல்வது. உங்கள் நாற்காலி அந்தக் கடைசி வழியில்தான் போட்டிருக்கிறது. போதகர் வரும்வரை அந்த மூச்சு காத்திருக்கும் என்று யார் சொல்லமுடியும்? போங்கள்.

போனதும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு பேசவேண்டாம். தம்பிக்குச் செய்ததை அவர் தம் வாயாலே இன்னொருமுறை சொல்லட்டும். "பரவாயில்லை ஐயா, எல்லாரும்தான் பாவிகள்" என்று இடையில் புகுந்து அதைச் சின்னதாக்கிவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் நாம் செய்கிற பெரிய கெடுதி அது. அவர் பாவத்தின் அளவு அவருக்குத் தெரியும், நாம் குறைத்துச் சொன்னால் நமக்குப் புரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். முழுசும் சொல்லி முடித்த பிறகு, பெயர் சொல்லி, தலைமேல் கை வைத்து, "தம்பியை ஏமாற்றின அந்தப் பாவத்தை இயேசு கிறிஸ்துவினிமித்தம் தேவன் உங்களுக்கு மன்னித்திருக்கிறார்" என்று சொல்லுங்கள். அந்தப் பாவத்தைக் குறிப்பிட்டே சொல்லவேண்டும். பொதுவாக "சகல பாவங்களும்" என்றால், இது ஒன்று மட்டும் அதில் அடங்கவில்லையோ என்று அவர் மனம் கணக்குப் பார்க்கும்.

எனக்கு ஒரு அம்மாளின் ஞாபகம் வருகிறது. 51-ஆம் சங்கீதம் முழுக்க வாசித்து, நீளமாக ஜெபம் பண்ணி எழுந்தபோது என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாம் நல்லா சொன்னீங்க ஐயா. எனக்குன்னு ஒண்ணு சொல்லிட்டுப் போங்க" என்றார். எனக்குன்னு! திருவிருந்தைப் பற்றி ஞானோபதேசம் சொல்வதும் அதைத்தானே. உபவாசமும் சரீர ஆயத்தமும் நல்ல வெளி ஒழுங்குதான், ஆனால் "உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது" என்ற வார்த்தையை நம்புகிறவனே பாத்திரவான் என்கிறது.

உங்கள் போதகர் வந்ததும் திருவிருந்து கொண்டுபோகச் சொல்லுங்கள். நான் அதற்குத் தகுதி இல்லை என்று பெரியவர் மறுப்பார். மறுக்காவிட்டால்தான் ஆச்சரியம். அப்போது ரோமர் 4:5-ஐ வாசித்துக் காட்டுங்கள்: "ஒருவன் கிரியை செய்யாமல் பாவியை நீதிமானாக்குகிறவரிடத்தில் விசுவாசம் வைக்கிறவனாயிருந்தால், அவனுடைய விசுவாசமே அவனுக்கு நீதியாக எண்ணப்படும்." தேவன் அங்கே நீதிமானாக்குவது பாவியை. பாதி திருந்தியவனை என்று அங்கே எழுதியில்லை. 1516-இலேயே லூத்தர் தம் மடத்துச் சகோதரன் ஒருவனுக்குக் கடிதம் எழுதினார். பாவியாகத் தெரியவே கூடாது என்கிற பரிசுத்தத்தை நாடாதே, கிறிஸ்து வாசம்பண்ணுவது பாவிகளிடத்தில் மட்டுமே என்று அதில் எச்சரித்தார். பாவமன்னிப்புச் சீட்டு வியாபாரத்தை எதிர்த்து அவர் எழுதிய 95 வாக்கியங்களுக்கு ஒரு வருடம் முந்தின கடிதம் அது. என்னைப் பொறுத்தவரை சீர்திருத்தத்தின் இருதயம் அங்கே துடிக்க ஆரம்பித்துவிட்டது.

பதில்: மூத்தமகள்

ஐயா எழுதினதை இரண்டு தரம் படித்தேன். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் அந்தத் தம்பியின் இடத்தில் இருந்தவருடைய மகள். அதாவது, இதே மாதிரி அண்ணனிடம் ஏமாந்தவர் எங்கள் அப்பா. அவர் சாகும்வரை யாரையும் திட்டவில்லை, ஆனால் மழைக்காலத்தில் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்துக்கொண்டே படுத்துக்கிடந்தார். பெரியப்பா சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு ஞாயிறும் பொதுப் பாவ அறிக்கை சொல்லுவார். ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கும் மன்னிப்புக் கூறப்படும். நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டோம்.

இந்தப் பெரியவருக்கு மன்னிப்பு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்ல நான் யார்? ஆனால் தம்பியின் பிள்ளைகள் எங்கே? அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இந்தத் திரியில் இல்லையே. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, நாலு மடங்காகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று வரி வசூலித்த சகேயு சொன்னானே. பாவியின்மேல் தேவனுடைய இரக்கம் என்று நாம் பிரசங்கிக்கும்போதெல்லாம், அந்தப் பாவத்தால் அடிபட்டவர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டுமா?

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

மகளே, நீங்கள் கேட்டது இந்தத் திரிக்கு மிகவும் தேவை. வெளியே போகவேண்டாம். முன்வரிசைக்கு வாருங்கள்.

உங்கள் பெரியப்பாவைப் போன்றவருக்கும் இந்தப் பெரியவருக்கும் ஒரே பிரசங்கம் கிடையாது. எடுத்ததை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவனுக்குச் சுவிசேஷத்தைச் சொல்வது, திகிலடைந்து கிடக்கிறவனுக்கு நியாயப்பிரமாணத்தைச் சொல்வது, இரண்டுமே வசனத்தைத் தவறாகப் பகுப்பதாகும். 1884, 85-இல் செயின்ட் லூயிஸ் நகரத்து இறையியல் கல்லூரியில் அமெரிக்க லுத்தரன் போதகர் வால்தர் தம் மாணவர்களுக்கு மாலை வகுப்புகளில் சொன்ன 25 கருத்துகளில் இதுவும் ஒன்று. முன்வரிசையில் இருந்தவரிடம் அவருடைய போதகர் தனியாகப் போய், "தம்பி வீடு ஒழுகுகிறது, நீர் என்ன செய்யப்போகிறீர்?" என்று கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் ஞாயிறுதோறும் மன்னிப்பு மட்டும் கூறிக்கொண்டிருந்தது உங்கள் அப்பாவுக்கு அநியாயம், அந்த அண்ணனுக்கும் அநியாயம். இதைத்தான் 1937-இல் போன்ஹோஃபர் மலிவான கிருபை என்று கண்டித்தார். அவரும் லுத்தரன் போதகர்தான்.

சகேயுவை நீங்கள் நினைப்பூட்டினது நல்லது. ஆனால் அங்கே எது முந்தி நடந்தது என்று பாருங்கள். "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று கர்த்தர் சொல்லும்போது அவன் ஒரு காசுகூடத் திருப்பிக்கொடுக்கவில்லை. மரத்தில் இருக்கிறான், அவ்வளவுதான். நாலத்தனை என்பது கர்த்தர் உள்ளே வந்த பிறகு அவன் வாயிலிருந்து வந்தது. ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 12-ஆம் பிரிவு இரண்டு பாகத்தோடு நிற்கவில்லை. பிறகு மனந்திரும்புதலின் கனிகளாக நற்கிரியைகள் தொடரவேண்டும் என்று முடிகிறது. ஏழாம் கட்டளைக்கு ஞானோபதேசம் கொடுக்கும் விளக்கத்திலும், பிறனுடைய சொத்தைப் பொய்யான வழியில் எடுக்கக்கூடாது என்பதோடு, அவனுடைய சொத்தும் பிழைப்பும் விருத்தியாகவும் பாதுகாக்கப்படவும் உதவவேண்டும் என்று இருக்கிறது.

ஆகவே வாசகமேசைத் தம்பிக்கு: தம்பியின் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஆனால் மன்னிப்பைச் சொல்லிக் கொடுத்த பிறகு விசாரியுங்கள். முந்திக் கேட்டால் அது விலையாகிவிடும். சொத்தைக் கொடுத்து மன்னிப்பை வாங்கும் வியாபாரத்தை எதிர்த்துத்தான் 1517-இல் நம் கதையே ஆரம்பித்தது.

மகளே, உங்களுக்கு இன்னொன்று. இந்தப் பெரியவருக்கோ உங்கள் பெரியப்பாவுக்கோ மன்னிப்புக் கிடைத்தால் உங்கள் அப்பாவுக்கு நடந்தது சிறியது என்று தேவன் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று நினைக்கவேண்டாம். அந்தக் கைரேகைக்காக தேவகுமாரன் சாகவேண்டியிருந்தது. அதைவிடக் கனமாக அந்த அநியாயத்தை உலகத்தில் எந்த நீதிமன்றமும் எடைபோட்டிருக்காது. உங்கள் பெரியப்பாவை இன்றைக்கே மன்னித்துவிடுங்கள் என்று நான் உங்களை நெருக்கமாட்டேன். அந்தப் பாரத்தையும் அப்படியே தேவனிடம் சொல்லுங்கள். சங்கீதங்களில் பாதி அப்படிப்பட்ட முறையீடுதான்.

பதில்: கீழ்ச்சுருதி

நான் பாடகர் குழுவில் இருக்கிறவன், பெரிய படிப்பு இல்லை. ஒன்று மட்டும். பெரியவருடைய ஞானஸ்நானத்தை நினைப்பூட்டுங்கள். சோதனை வரும்போது "நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்று சொல்லித்தான் லூத்தர் எதிர்த்து நிற்பாராம். எங்கள் தகப்பனாருக்குக் கடைசி நாட்களில் ஞாபகம் தப்பிப்போயிற்று. விசுவாசிக்கிறீர்களா என்று கேட்டால் பதில் வராது. ஆனால் ஞானஸ்நானம் அவர் ஞாபகத்தில் நடந்த காரியம் இல்லையே. கைக்குழந்தையாக இருக்கும்போதே தேவன் செய்து முடித்துவிட்டார். அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. லூத்தரும் சாவதற்கு முன் 1546-இல் எழுதிவைத்த கடைசித் துண்டுக் காகிதத்தில், நாம் பிச்சைக்காரர்கள், இது உண்மை என்றுதானே எழுதினார். அவருக்கே அப்படியென்றால், பெரியவர் வெறுங்கையோடு இருப்பதற்கு வெட்கப்படவேண்டாம் என்று சொல்லுங்கள்.

மறுமொழி: வாசகமேசை

எல்லாருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் போனேன்.

போதகர் ஐயா சொன்னபடியே உட்கார்ந்து கேட்டேன். இந்தமுறை முன்பு சொல்லாத ஒன்றையும் சொன்னார். கைரேகை வைத்த பிறகு தம்பி, விரலில் இருந்த மையைத் துடைக்க இவரிடமே துணி கேட்டாராம். இவர் தம் தோளில் கிடந்த துண்டைக் கொடுத்தாராம். அதைச் சொல்லும்போதுதான் அவர் குரல் உடைந்தது. நான் இடையில் பேசவில்லை. முடித்த பிறகு தலைமேல் கை வைத்து, பெயர் சொல்லி, அந்தப் பாவத்தைக் குறிப்பிட்டே சொன்னேன். "இது தேவனுடைய மன்னிப்பு என்று விசுவாசிக்கிறீர்களா?" என்றேன். உடனே பதில் வரவில்லை. பிறகு, "இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன். "ஆம், விசுவாசிக்கிறேன்" என்றார். ஞானோபதேசத்தில் இருக்கிற அதே வார்த்தை.

ஒரேயடியாக மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். இன்று காலையில் அவர் மருமகள் போன் பண்ணி, ராத்திரி மறுபடியும் கலங்கினார், உங்களை வரச் சொல்கிறார் என்றாள். போகப்போகிறேன். ஆனால் கஞ்சி குடித்தாராம்.

மூத்தமகள் அக்கா, தம்பிக்கு ஒரு மகனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். நான் கேட்பதற்கு முன் பெரியவரே சொல்லிவிட்டார், அவர்களை வரச் சொல்லவேண்டும், பத்திரத்தை மாற்றி எழுதவேண்டும் என்று. அவருடைய சொந்தப் பிள்ளைகள் என்ன சொல்வார்களோ தெரியவில்லை. ஐயா, திருவிருந்துக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டுமா? "உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து" என்று இருக்கிறதே.

பதில்: ஓய்வுபெற்ற போதகர்

அந்த வசனம் மனம் இல்லாதவனுக்கு எச்சரிப்பு. இவருக்கு மனம் வந்துவிட்டது, சரீரத்தில்தான் பலம் இல்லை. திருவிருந்தைத் தாமதிக்கவேண்டாம், உங்கள் போதகர் வந்த அன்றே கொடுக்கச் சொல்லுங்கள். பத்திர வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். ஒரு வக்கீலைக் கூப்பிட்டு, பெரியவர் சுயநினைவோடு இருக்கும்போதே, அவருடைய பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வழக்காகும். தம்பியின் பிள்ளைகள் வர மறுத்தால் நெருக்காதீர்கள், பங்கு மட்டும் போய்ச் சேரட்டும். ராத்திரி கலங்கினார் என்றால் மறுபடியும் அதையே சொல்லுங்கள். புதுசாக ஒன்றும் தேடவேண்டாம்.

பதில்: மூத்தமகள்

அவர்கள் வந்தால், அந்தத் துண்டு விஷயத்தையும் அவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள் தம்பி. எங்கள் அப்பாவைப் பற்றி அப்படி ஒன்றை அவர் அண்ணன் ஞாபகம் வைத்திருந்தார் என்று தெரிந்திருந்தால் எனக்குப் பெரிய காரியமாக இருந்திருக்கும்.